காலை ஐந்து மணிக் கேள்வித்தாள்

சென்ற இதழில் நண்பர் ஒருவர் எழுதிய கட்டுரைக்கு இது மறுப்பு. எழுத வருகிற ஒவ்வொருவனும் விடியுமுன் எழுந்து, யாரிடமும் பேசாமல், எதையும் படிக்காமல், கேள்விகள் அச்சிட்ட ஒரு நோட்டில் தன்னைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட வேண்டும் என்பது அவர் சிபாரிசு. இதற்கு ‘அகப்பயிற்சி’ என்று பெயர் சூட்டியிருக்கிறார். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. நம் வட்டத்திலேயே நாலைந்து பேர் தொடங்கிவிட்டதாகக் கடிதங்களிலிருந்து தெரிகிறது. அவர்களில் இருவருடைய கவிதைகள் இந்த மூன்று மாதத்தில் மாறியிருக்கின்றன. ஒருவருடைய கவிதையில் முன்பு ஒரு டீக்கடை இருக்கும், ஒரு நாய் இருக்கும், வாடகை பாக்கி இருக்கும். இப்போது ‘என் உள்வெளி’ இருக்கிறது. நாயைக் காணோம்.

நான் வெளியில் நின்று கல்லெறிகிறவன் அல்ல. 41 நாள் நானும் எழுதினேன். வங்கி ஊழியர்களுக்கென்று நடந்த ஒரு நாள் பயிற்சி வகுப்பில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார்கள். நண்பர் தம் கட்டுரையில் பட்டியலிட்ட கேள்விகளும் என் நோட்டில் அச்சாகியிருந்தவையும் ஏறக்குறைய ஒன்றே. எந்த மூன்று விஷயங்களுக்காக இன்று நன்றியோடு இருக்கிறீர்கள்? நேற்று உங்களைப் பெருமைப்படச் செய்த காரியம் எது? எதை விட்டுவிடத் தயாராக இருக்கிறீர்கள்? உங்களுக்குள் இருக்கும் குழந்தை இன்று என்ன கேட்கிறது? ஒவ்வொன்றுக்கும் கீழே ஐந்து கோடுகள். முழு மனதோடுதான் எழுதினேன். எழுத்தில் ஆசையுள்ளவன் எவனும் புது நோட்டை முழு மனதோடுதான் திறப்பான்.

பதின்மூன்று வருஷமாகக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தவுடனேயே உறைத்திருக்க வேண்டும், அது படிவம் என்று. படிவத்தின் லட்சணம், தன்னால் பதிந்துகொள்ள முடியாத பதிலை அது கேட்பதேயில்லை என்பது. கடம்பூர் மலையிலிருந்து இறங்கி வரும் கிழவி ‘எழுதிக் குடுங்க சாமி’ என்று செலானை நீட்டும்போது ஆடு விற்ற கதையைச் சொல்லுவாள், தரகன் பிடித்துக்கொண்ட ஐந்நூறைச் சொல்லுவாள், மருமகளுக்குத் தெரியாமல் இதைப் போட்டுவைக்க வேண்டிய அவசியத்தைச் சொல்லுவாள். நான் எழுதுவது 4,500 என்ற தொகையை. செலானுக்கு அது போதும்; அதற்கு மேல் அது பாவனை செய்வதுமில்லை. அந்தச் செலானை அவள் அந்தரங்கம் என்று யாரும் சொன்னதில்லை.

நன்றி நோட்டு அப்படிச் சொல்லிக்கொள்கிறது. நீங்கள் நன்றியோடு இருக்கிறீர்களா என்று அது கேட்கவில்லை. இருக்கிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு, எதற்கு, எந்த மூன்றுக்கு என்று மட்டும் கேட்கிறது. ஒரு நாள் ‘எதற்கும் இல்லை’ என்று எழுதினேன். மீதி நாலு கோடு காலியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. படிவத்தில் காலியிடம் விட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்ற பழக்க தோஷம். காப்பிக்கு நன்றி, மழைக்கு நன்றி என்று நிரப்பினேன். அன்றைக்கு மழையே பெய்யவில்லை.

*

இந்தப் பழக்கம் வந்த வழியையும் நண்பர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வரும் வழியில் என்னென்ன உதிர்ந்துபோயின என்பது தெரிந்திருக்கும்.

1934-இல் அமெரிக்காவில் டொரோத்தியா பிராண்ட் என்ற பெண்மணி, எழுத விரும்புகிறவர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். வழக்கத்தைவிட அரை மணியோ ஒரு மணியோ முன்னதாக எழு, பத்திரிகையைத் தொடாதே, வாயைத் திறக்காதே, உட்கார்ந்து எழுது என்பது அதில் அவர் சொன்ன பயிற்சி. தூக்கத்திற்கும் விழிப்பிற்கும் இடைப்பட்ட நிலையில் மனம் தானாக எங்கே போகிறது என்று கண்டுகொள்வது நோக்கம். என்ன எழுதுவது என்பது எழுதுகிறவன் பாடு. 1992-இல் ஜூலியா கேமரன் ‘காலைப் பக்கங்கள்’ என்று இதற்குப் பெயர் வைத்தார். கையால் மூன்று பக்கம் என்று அளவும் வைத்தார். நண்பருடைய மூன்று பக்கம் அங்கிருந்து வருவதுதான். ஆனால் அந்தப் பக்கங்கள் கலை அல்ல, எழுத்துக்கூட அல்ல என்று கேமரனே சொல்லியிருக்கிறார். வேறு யாருக்கும் காட்டக்கூடாது, முதல் சில வாரங்களுக்கு எழுதியவனே திருப்பிப் பார்க்கக்கூடாது என்பது அவர் விதி. மனத்தில் தேங்கிய குப்பையை வாரிக் கொட்டுகிற இடம் அது. நம் நண்பர்கள் அந்தக் கூடையைத் தபாலில் சேர்த்து ஆசிரியருக்கு அனுப்புகிறார்கள்.

இன்னொரு கிளை மனோதத்துவத்திலிருந்து வருகிறது. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் இருவரும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு அது. தொடர்ந்து நாலு நாள், நாளைக்கு 15 நிமிஷம், வாழ்க்கையில் தங்களை மிகவும் நொறுக்கிய சம்பவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் பிந்திய மாதங்களில் வைத்தியரிடம் போவது குறைந்தது. இதில் எனக்குச் சண்டை இல்லை. துக்கத்தை எழுதினால் ஆறும் என்றால் எழுதட்டும், ஆறட்டும். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது: எழுதி முடித்த கையோடு அவர்களுடைய மனநிலை கெட்டது, ரத்த அழுத்தம் ஏறியது. சும்மாவா? நொறுக்கிய ஒன்றைத் தொட்டிருக்கிறார்கள். ஆறுவதற்கு முன்னால் வலித்திருக்கிறது. நம் நோட்டோ எழுதி முடித்ததும் மனம் லேசாகும் என்று அட்டையிலேயே வாக்குக் கொடுக்கிறது.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பிராண்ட் கேள்வியில்லாமல் எழுதச் சொன்னார், கேள்வி வந்துவிட்டது. கேமரன் காட்டாதே என்றார், காட்டுகிறார்கள். பென்னிபேக்கர் வலிக்கிற இடத்தை நாலு நாள் தொடச் சொன்னார். வலிக்காத இடத்தை ஆயுள் முழுக்கத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். மிஞ்சியது ஐந்து மணி ஒன்றுதான்.

*

அந்த ஐந்து மணியைப் பற்றியும் பேச வேண்டும். விடியற்காலை என்பது யாருக்கும் சொந்தமில்லாமல் சும்மா கிடக்கும் புறம்போக்கு நிலம் போல நண்பர் எழுதுகிறார். சத்தியில் அது சும்மா கிடப்பதில்லை. சுற்று வட்டாரத்தில் மல்லிகையும் காக்கடாவும் சம்பங்கியும் போட்டிருக்கிற காடுகளில், சீசன் நாட்களில், இருட்டோடு இருட்டாகத் தலையில் டார்ச் மாட்டிக்கொண்டு பெண்கள் பூப் பறிக்கிறார்கள். மொட்டாக இருக்கும்போதே பறித்து, ஏலத்துக்கு மார்க்கெட் போய்ச் சேர்ந்தாக வேண்டும். நேரம் தப்பினால் விலை தப்பும். மார்கழி தையில் பனி விழுந்து வரத்துக் குறையும்போது கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அப்போதும் பறிக்கிறவளுக்குக் கூலி கூலிதான். ‘வைகறையின் மௌனத்தில் நம்மோடு நாம் தனித்திருக்கும் வேளை’ என்று நண்பர் வர்ணிக்கிற அதே வேளையில், பாம்பு மிதிபடாமல் இருக்க வேண்டுமே என்று காலடியைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி வரப்பில் நிற்கிறாள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். என் வீட்டையே சொல்கிறேன். நான் நோட்டோடு உட்காரும்போது என் மனைவி எழுந்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். குழாயில் தண்ணீர் வருகிற நேரம் அது. நான் என் உள்ளிருக்கும் குழந்தையோடு பேசிக்கொண்டிருக்க, வெளியே இருக்கிற குழந்தைக்கு அவள் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபதாவது நாளோ என்னவோ, காப்பி டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஏனுங்க, தெனமும் அப்படி என்னத்தைங்க எழுதறீங்க?”

“என்னைப் பத்தித்தான்.”

“அதுக்கு மூணு பக்கமுங்களா?”

கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்கு ஆச்சரியம். இந்த நோட்டுக்கு எதிராக நான் இதுவரை கேட்ட விமர்சனங்களில் இதைவிடச் சரியானது இல்லை. என் கட்டுரை இதை விரித்து எழுதியதுதான்.

*

இனி, நான் இந்த மறுப்பை எழுத உட்கார்ந்த காரணம். 41-ஆம் நாள் நோட்டு முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலிலிருந்து வாசித்தேன். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்தான்: நிதானமானவன், தன் குறைகளைத் தெரிந்தவன், சின்னச் சந்தோஷங்களில் நிறைவு காண்கிறவன், அளவாக வருத்தப்படுகிறவன். பக்கத்து வீட்டில் குடியிருந்தால் எனக்கு அவனைப் பிடிக்காமல் போயிருக்கும். அவன் எழுதிய பாஷை இன்னும் மோசம். ஒன்பதாவது நாளிலிருந்தே வாக்கியங்கள் வார்ப்பில் விழுந்துவிட்டன. ‘உணர்ந்தேன்’ என்ற சொல் பக்கத்துக்கு நாலு தடவை. எதை உணர்ந்தான் என்பதற்குப் பெயர்ச்சொல் கிடையாது.

அதுவும் போகட்டும். இருபதுகளின் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நகைக்கடன் முதிர்ந்து, நோட்டீஸ் போய், பத்திரிகையில் அறிவிப்பும் வந்த நகைகளின் ஏலத்துக்கு முந்தின நாள். ஒரு அம்மாள் வந்தாள். மூன்றே முக்கால் பவுன் தாலிக்கொடி. போர்வெல் மோட்டாருக்காக வைத்தது. “ஏனுங் தம்பி, பூச்சீசன் வந்தாக் கட்டிப்போடுவனுங்க. ஒரு பதினஞ்சு நாளுப் பொறுக்கக் கூடாதுங்களா?” என்றாள். “தேதி முடிஞ்சுபோச்சுங்கக்கா, என் கையில ஒண்ணும் இல்லீங்க” என்றேன். விதிப்படி அது உண்மை. மேனேஜர் அறை பத்தடி தூரம். எழுந்து போய், வட்டியில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் கிடைத்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. கேட்கவில்லை என்று சொல்ல முடியும். மணி மூன்றரை. கணக்கு முடிக்க வேண்டிய அவசரம். அவள் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை நோட்டில் இருந்த கேள்வி: நேற்று யாருடைய நாளை நீங்கள் கொஞ்சம் எளிதாக்கினீர்கள்?

நான் பதில் எழுதியிருக்கிறேன். ஓய்வூதியக்காரர் ஒருவருக்கு உயிர்ச்சான்று பதிய விரல் ரேகை விழவில்லை. அவரைக் கைகழுவச் சொல்லி, துண்டால் துடைத்து, நாலைந்து முறை முயன்று பதியவைத்தேன் என்று. நடந்ததுதான், பொய்யில்லை. அவர் கையெடுத்துக் கும்பிட்டதையும் எழுதியிருக்கிறேன். கீழே, ‘மனம் நிறைந்தது.’ அந்த அம்மாள் அந்தப் பக்கத்தில் இல்லை, அடுத்த பக்கத்தில் இல்லை, 41 நாளில் எங்குமே இல்லை. தேடிப் பார்த்தேன். ஏலம் நடந்த நாளின் பக்கத்தில் ‘இன்று அமைதியாக இருக்கிறேன்’ என்று இருக்கிறது.

நண்பர் சொல்லக்கூடும்: அது நோட்டின் குற்றமா, உன் குற்றமா? என் குற்றம்தான். ஆனால் கேள்வி எதுவும் இல்லாமல் வெள்ளைத்தாளின் முன் உட்கார்ந்திருந்தால், அந்த அரை மணி நேரப் பெஞ்சு என்னை விட்டிருக்குமா என்பது சந்தேகம். நானே அதைத் தவிர்க்க வேண்டியிருந்திருக்கும்; தவிர்க்கிறோம் என்று தெரிந்தாவது தவிர்த்திருப்பேன். நோட்டு அந்தச் சிரமத்தையும் எனக்கு வைக்கவில்லை. வேறொரு கேள்வியைக் கேட்டு என்னை நல்லவனாக்கி எட்டு மணிக்கு வேலைக்கு அனுப்பிவைத்தது. பாவமன்னிப்புக்குக்கூட முதலில் பாவத்தைச் சொல்லியாக வேண்டும். இதில் அதுவும் வேண்டியதில்லை.

*

நாட்குறிப்பே கூடாது என்கிறேனா? இல்லை. தமிழ் உரைநடைக்கு ஒரு நாட்குறிப்பு செய்த காரியத்தை நாம் இன்னும் சரியாக அளந்து பார்க்கவில்லை.

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் எழுதத் தொடங்கி 1761-இல் சாகும் வரை எழுதினார். வியாபாரி, டூப்ளேயின் துபாஷி. அவர் இறந்த சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. கட்டுகள் வீட்டில் கிடந்தன. 1846-இல் கலுவா மொம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். ஆங்கிலத்தில் 1904-லிருந்து 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. தமிழில் அச்சேறியது அதற்கும் பிறகு. இது நம் வழக்கம், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பிள்ளையை யாரும் கேள்வி கேட்கவில்லை. என்ன கப்பல் வந்தது, எந்தத் துறைமுகத்திலிருந்து, என்ன சரக்கு, யாருக்கு எத்தனை பீரங்கி போட்டார்கள், குவர்னர் என்ன கேட்டார், தான் என்ன சொன்னார் என்பதுதான் அவர் எழுதியது. துணி வியாபாரியின் கணக்குப் பாஷை. பேச்சுத் தமிழோடு பார்சியும் போர்த்துக்கீசும் பிரெஞ்சும் கலந்து ஓடும் பாஷை. தன் உள்ளத்தைத் திறந்து காட்டுகிறேன் என்று அவர் ஒருநாளும் உட்காரவில்லை. ஆனால் பீரங்கிக் குண்டுகளின் எண்ணிக்கையை அவர் எண்ணுகிற விதத்தில் அவருடைய மரியாதைப் பசி முழுக்கத் தெரிகிறது. டூப்ளேயின் மனைவியைப் பற்றி எழுதும்போது பயமும் வன்மமும் ஒரே வரியில் தெரிகின்றன. 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டதே, அந்தப் பகுதியைப் படியுங்கள். யார் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், ஊர்ப் பெரியவர்கள் எப்படிக் கலைந்தார்கள் என்று எழுதிக்கொண்டே போகிறார். கம்பெனியின் நிழலில் செல்வாக்கோடு இருந்த ஒரு மனிதன் தன் ஊர்க் கோவில் விழுவதைப் பார்த்துக்கொண்டு எங்கே நின்றான் என்பது அந்த விவரங்களுக்கிடையே வெளிப்பட்டுவிடுகிறது. அவர் தனக்குச் சாதகமாகத்தான் எழுதுகிறார். தன்னை விட்டுக் கொடுக்கவில்லை. இருந்தும் விவரங்கள் அவரை விட்டுக் கொடுத்துவிடுகின்றன. மனிதர்கள், பெயர்கள், தேதி, சொன்ன வார்த்தை இவற்றை ஒருவன் எழுதிவைத்தால் அவனால்கூட அவற்றை முழுக்கத் தன் பக்கம் பேசவைக்க முடியாது.

‘அன்று நீங்கள் எதற்கு நன்றியோடு இருந்தீர்கள்’ என்று பிள்ளையைக் கேட்டிருந்தால் 25 வருஷத்தில் நமக்கு என்ன கிடைத்திருக்கும்? வெற்றிலைப் பாக்கும் குவர்னரின் தயவும்.

தேதி என்ற அற்பச் சங்கதிக்கு என்ன மதிப்பு என்று எங்கள் மலைக்காரர்களுக்குத் தெரியும். வீரப்பன் வேட்டையின் பெயரால் அதிரடிப்படை முகாம்களில் தாங்கள் பட்டதை, 1999-இல் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழுவின் முன் அவர்கள் போய்ச் சொன்னார்கள். 2007-இல் 89 பேருக்கு இழப்பீடு தரும்படி ஆணையம் சொன்னது. எந்த விசாரணையிலும் கேட்கப்படுவது என்றைக்கு, எங்கே, யார் என்பதுதான். அதை ஒருவன் எழுதிவைத்திருந்தால் அது சாட்சி. அன்றைக்கு நான் உடைந்துபோனேன் என்று மட்டும் எழுதிவைத்திருந்தால், அவன் வேதனை நிஜமே என்றாலும், அவனை உடைத்தவனுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

*

நகுலனைக் காட்டி நண்பர் என்னை மடக்கப் பார்க்கிறார். ‘நவீனன் டைரி’ (1978) இருக்கிறதே, சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) இருக்கிறதே, நாட்குறிப்பு நவீனத்துவத்தின் வடிவமல்லவா என்கிறார். இரண்டும் நாவல்கள் என்பதை அவர் மறந்துவிட்டார். திருவனந்தபுரத்தில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த டி.கே. துரைசாமி தன் காலைப் பக்கங்களை அச்சுக்குக் கொடுத்துவிடவில்லை. நகுலன் என்று ஒருவனாகி, நவீனன் என்று இன்னொருவனை உண்டாக்கி, அவன் கையில் டைரியைக் கொடுத்தார். சுந்தர ராமசாமி, இல்லாத ஒரு மலையாள எழுத்தாளனைப் படைத்து அவனுக்கு நாட்குறிப்பும் எழுதினார். ‘நான்’ என்பது கைக்கு எளிதில் கிடைக்கிற பொருள் இல்லை என்று தெரிந்தவர்கள் செய்த காரியம் அது. காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து கோட்டுக்குள் ‘நான்’ வந்துவிழும் என்று நம்புகிறவர்கள் அவர்களைத் துணைக்கு அழைக்கக்கூடாது.

காந்தியையும் அழைத்திருக்கிறார். ஆசிரமவாசிகள் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று காந்தி வற்புறுத்தினார் என்பது சரி. அங்கே எழுத வேண்டியிருந்தது செய்த வேலை, நூற்ற நூல். மனு காந்தியின் நாட்குறிப்பை அவரே படித்துக் கையெழுத்திட்டார். எனக்கு அது வவுச்சரில் அதிகாரி போடுகிற இனிஷியலை ஞாபகப்படுத்துகிறது, பிடிக்கவில்லை. ஆனால் அங்கே மேற்பார்வை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மகாதேவ தேசாய் 1917-லிருந்து 1942 வரை எழுதியதில் மகாதேவ தேசாயை விடக் காந்திதான் அதிகம். நம் நோட்டிலும் ஒரு மேற்பார்வையாளர் உண்டு: கேள்விகளை அச்சிட்டவர். அவர் முகம் தெரியாததால் அவர் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். நல்ல மனநிலையில், புகார் இல்லாமல், வேலைக்கு வந்து சேரும் ஊழியன் அவருக்கு வேண்டும். பயிற்சி வகுப்பில் அதை எங்களுக்கு ஏன் இலவசமாகக் கொடுத்தார்கள் என்பதை நண்பர் ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

*

என் அப்பா டைரி எழுதினார். உரக்கடைக்காரர் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி. காலையில் எழுதமாட்டார், ராத்திரி, மாட்டுக்குத் தீனி போட்டு வந்த பிறகு. படித்தது ஐந்தாவது. பவானிசாகர் அணையின் அன்றைய அடி, வாய்க்காலில் தண்ணீர் வந்ததா, கிணறு எத்தனை முழம் இறங்கியது, பால் எத்தனை லிட்டர், யாருக்குக் கைமாற்று, யாரிடம் கைமாற்று. என்னைக் கல்லூரியில் சேர்த்த நாளுக்கு எதிரே பீஸ் தொகையும் பஸ் சார்ஜும் இருக்கின்றன. அதற்கு மூன்று நாள் முன்னால், ‘காளை ஜோடி கொடுத்தது’ என்று விலை போட்டிருக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் காளை இல்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தது அவர் போன பிறகு, என் 30-ஆவது வயதில். அந்தக் காளைகளை விற்ற மறுநாளிலிருந்து இரண்டு பக்கம் ஒன்றும் எழுதவில்லை.

அந்த இரண்டு காலிப் பக்கத்தை என்னால் படிக்க முடிகிறது. என் 41 நாளில் காலிப் பக்கமே கிடையாது. இதற்கென்று வந்திருக்கிற கைப்பேசிச் செயலிகளில் தொடர்ந்து எத்தனை நாள் எழுதினீர்கள் என்று எண்ணிக் காட்டுகிறார்கள். ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும். எழுதாமல் இருக்கத் தெரியாதவனுக்கு எதற்கு இலக்கியம் என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

அப்பாவின் டைரியை இலக்கியம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையினுடையதையும் அந்தப் பெயரால் அழைக்க வேண்டியதில்லை. எழுதுகிறவன் தன் கண்ணைத் தன்னிலிருந்து எடுத்து எதிரே இருப்பதன் மேல் வைத்தால் மட்டுமே, பின்னால் என்றாவது இலக்கியமாகக்கூடிய ஒன்று அங்கே விழுகிறது என்கிறேன். விழாமலும் போகலாம். நம் இளைஞர்களுக்கு நண்பர் சொல்லித்தரும் பழக்கத்தில் அது விழ வழியே இல்லை.

எனவே நண்பருக்கு: உங்கள் நோட்டைத் தொடர்ந்து எழுதுங்கள். தூக்கம் நன்றாக வருகிறது என்கிறீர்கள், சந்தோஷம். அதைப் பயிற்சி என்று இளங்கவிகளுக்கு விதிக்காதீர்கள். ஆசிரியருக்கு: ‘உள்வெளி’ என்று வரும் கவிதைகளைத் திருப்பி அனுப்பும்போது, நாய் என்ன ஆயிற்று என்று ஒரு வரி கேட்டு எழுதுங்கள்.

அந்த அம்மாளின் பெயரும் ஊரும் கடன் தேதியும் ஏலத் தேதியும் தொகையும், அவள் சொன்னதும் நான் சொன்னதும், ஒரு பழைய டைரியில் எழுதிவைத்திருக்கிறேன். எழுதி மனம் லேசாகவில்லை. பூச்சீசன் ஆரம்பித்துவிட்டது. அவள் இன்னும் கிளைக்கு வரவில்லை.